தாழி திறந்த ஊரிலிருந்து ஒரு பிரகடனம்

எங்களிடம் கொடி கிடையாது. பெயர் வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினோம். மூன்று வாரமும் சண்டையில் முடிந்தது. பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம் என்று நான்காவது வாரம் முடிவாயிற்று. திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் விடியுமுன் சைக்கிள் மிதிக்கிறவர்கள், மிதித்து ஓய்ந்தவர்கள், மிதிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள், பங்க்சர் ஒட்டும் கடைக்காரர்கள் இரண்டு பேர், ஒரு பி.டி. டீச்சர். இவ்வளவுதான் நாங்கள். ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்கு எதிரே ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறோம்.

எங்கள் பந்தயம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளிலிருந்து மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றையும் கழற்றிவிட்டால் அது பந்தய சைக்கிள். அம்மன் கோயில் கொடைக்கு ஒரு பந்தயம், பொங்கலுக்கு ஒரு பந்தயம், செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்ட அளவில் அரசு நடத்தும் பந்தயம். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று அதில் மூன்று பிரிவு. ஆனி, ஆடியில் பயிற்சிக்குப் போனால் திருச்செந்தூர் வரைக்கும் கச்சான் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறையும். குரும்பூர் தாண்டி ஆழ்வார்திருநகரி வருவதற்குள் யார் தொடையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தொடையில் இருப்பது சோறா, மருந்தா என்ற கேள்வி அண்மைக் காலம் வரை எங்களுக்கு வந்ததில்லை.

சென்ற ஆண்டு ஒரு கொடைப் பந்தயம். ஊர்ப் பெயர் வேண்டாம். பதினாறு வயதுப் பையன் ஒருவன் மற்றவர்களைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டு வந்து ஜெயித்தான். மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள். கால் மணி நேரத்தில் அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நடுங்க ஆரம்பித்தான். சித்திரை வெயிலில் பல் கிட்டித்தது. டீச்சர் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “குருவி நெஞ்சு மாதிரி அடிக்குது” என்றார். பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு சிரிஞ்சும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன. குப்பியில் எழுதியிருந்த பெயர் மெஃபென்டர்மின். ஆபரேஷன் மேசையில் ரத்த அழுத்தம் விழுந்துபோனவருக்கு அதை ஏற்றுவதற்காகப் போடும் மருந்து அது. “எல்லாரும் போடுதாங்க அண்ணாச்சி, சத்து ஊசின்னுதான் மாமா சொன்னாவ” என்றான் பையன். மாமா என்றது அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரை.

விழாக் கமிட்டி உடனே கூடியது. பரிசைப் பிடுங்கியது, இனி அந்த ஊர்ப் பந்தயத்தில் அவன் கால் வைக்கக் கூடாது என்றது. ஊசி போட்ட மாமாவோ அன்று இரவு அதே மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டார். இந்த இயக்கம் பிறந்தது அந்தப் பொன்னாடையைப் பார்த்த வயிற்றெரிச்சலில்தான். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

ஆதிச்சநல்லூரிலிருந்து ஏன் என்று கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்ததை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர், பழங்கால இடுகாடான இந்தப் பரம்பைத் தோண்டி, கிடைத்ததை எடுத்துப்போனார். அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். 2004-இல் தொல்லியல் துறை மறுபடி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகளை எடுத்தது. முழு அறிக்கை ஆண்டுக்கணக்கில் வரவில்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்குப் போனது. அப்போது எடுத்த மாதிரிகளின் வயது, கிறிஸ்துவுக்கு முன் 905 என்றும் 696 என்றும், 2019-இல்தான் வெளியே தெரிந்தது. செத்தவர்கள் காத்திருப்பார்கள். பந்தயத்தில் ஓடுகிற பிள்ளையால் பதினைந்து ஆண்டு காத்திருக்க முடியாது.

பிள்ளைகளையும் காக்க வைத்திருக்கிறார்கள். திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம். தமிழ்நாடே தூக்கிக் கொண்டாடியது, கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கொடுத்தன. ஆனால் மார்ச் 18 அன்றே பாட்டியாலாவில் அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதில் நான்ட்ரோலோன் இருந்தது என்ற செய்தி தோஹா ஓட்டத்துக்கு முன் வந்து சேரவில்லை. நேரத்துக்குச் சொல்லியிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது என்று தடகளச் சம்மேளனம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையைக் குறை சொன்னது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் கோமதி. பதக்கம் போயிற்று, நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்று வழக்காட நாங்கள் வரவில்லை. மாதிரியை எடுத்தவர், சோதித்தவர், சொல்லத் தாமதித்தவர் யாருக்காவது ஒரு நாள் தடையாவது உண்டா?

அதே 2019 ஆகஸ்டில் டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்து ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா நிறுத்தி வைத்தது. தரம் போதவில்லை என்பது காரணம். நாட்டிலேயே அந்த அங்கீகாரம் பெற்றிருந்த ஒரே ஆய்வகம் அது. 2021 டிசம்பரில் அங்கீகாரம் திரும்பி வரும்வரை நம் பிள்ளைகளின் சிறுநீர்ப் புட்டிகள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன. 2024-இல் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260-இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. நூற்றுக்கு 3.6. அதிகம் சோதிக்கிற நாடுகளில் இந்த விகிதத்தில் அந்த ஆண்டு முதலிடம் நமக்குத்தான். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் அதிகாரிகள் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். இன்னொரு பந்தயத்தில் ஓடிய இளம்பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். சோதனைக்காரர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. படித்துச் சிரித்தோம். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டவர் அப்போது எங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

சைக்கிள்காரர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த விஷயத்தில் உலகத்துக்கே வாத்தியார்கள் நாம்தான். ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற வித்தைக்காரரை ஊர்த் திடலில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1890-களில் அதையே ஆறு நாள் பந்தயமாக நடத்தினார்கள். தூக்கத்தை விரட்டக் கொக்கேயினும் எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னினும் கொடுத்தார்கள். 1904 டூர் டி ஃபிரான்சில் முதல் நான்கு இடத்தில் வந்தவர்களையும் ரயில் ஏறியது முதலான குற்றங்களுக்காக நீக்கினார்கள். உப்பு லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற நம் ஊர்ப் பையன்களுக்குக்கூட அவ்வளவு துணிச்சல் கிடையாது. 1967-இல் அதே டூரின் மோன் வான்டூ மலையேற்றத்தில் டாம் சிம்ப்சன் வெயிலும் ஆம்ஃபெட்டமினுமாகச் சேர்ந்து சாலையில் விழுந்து செத்தார். 1998-இல் ஃபெஸ்டினா அணியின் மசாஜ்காரர் ஓட்டி வந்த காரை பிரெஞ்சு எல்லையில் நிறுத்தியபோது உள்ளே பெட்டி பெட்டியாக ஈ.பி.ஓ. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடுகிற ஊசி அது. நல்ல உடம்பில் ஏற்றினால் ரத்தம் கெட்டியாகி இதயத்தையே நிறுத்திவிடலாம். அந்தக் கார்தான் 1999-இல் வாடா உருவாகக் காரணம்.

அந்த ஃபெஸ்டினா அணியில் மருந்து வேண்டாம் என்று இருந்தவர் கிறிஸ்தோஃப் பசோன். 1999 டூரில் அவர் பத்திரிகையில் எழுதினார்: இப்போதும் மருந்து ஓடுகிறது, இந்த வேகம் நம்பும்படியாக இல்லை என்று. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பந்தயத்தின் நடுவிலேயே பக்கத்தில் வந்து, நீ கிளம்பிப் போய்விடுவதுதான் நல்லது என்றார். சக ஓட்டக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சில நாளில் பசோன் பெட்டியைக் கட்டினார். ஆம்ஸ்ட்ராங் அந்த டூரில் தொடங்கி ஏழு முறை ஜெயித்தார். ஏழையும் 2012 அக்டோபரில் பறித்தார்கள். பதின்மூன்று ஆண்டு. இடையில் சர்வதேச சைக்கிள் சங்கம் அதே ஆம்ஸ்ட்ராங்கிடம் 1 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வாங்கியிருந்தது. 2015-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, பணம் வாங்கிக்கொண்டு சோதனை முடிவை மறைத்ததற்கு ஆதாரம் இல்லை என்றது, ஆனால் சங்கத் தலைமை அவருக்குச் சலுகை காட்டியது என்றும் எழுதியது. காவல்காரனும் களவாணியும் ஒரே இலையில் சாப்பிட்டால் திருடினார்களா என்று தனியாக விசாரிக்க வேண்டுமா என்ன!

எங்கள் கொள்கை இங்கேதான் இருக்கிறது. பந்தயம் நடத்துகிறவர், அணி தேர்ந்தெடுக்கிறவர், தப்பைப் பிடிக்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் ஒரே ஆளாகவோ ஒரே குடும்பமாகவோ இருக்கக் கூடாது. பிரான்சில் 2008-இல் டூரின் முதலாளிகளும் சர்வதேசச் சங்கமும் யார் பெரியவர் என்று மோதிக்கொண்டார்கள். மிதிக்கிறவனை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே 2022-இல் ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்திய சைக்கிள் அணியில் ஐந்து ஆண்கள், ஒரே ஒரு பெண். தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் முறைதவறி நடந்தார் என்று அந்தப் பெண் புகார் எழுதிய பிறகே விளையாட்டு ஆணையம் அணியைத் திரும்ப அழைத்து, அவரது ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒரு பெண்ணை மட்டும் தனியாக அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும் என்கிறது. நல்லது. அந்த நால்வர் யாருடைய மனைவிகள், மகள்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருப்போம்.

முத்துக்குளிப்பு நடந்த கரை இது. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-இல். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குளியாளி கடலுக்குள் இறங்குவான், மேலே தோணியில் இன்னொருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள் பழைய ஆட்கள். தங்கச்சி தாலி அறுக்க அவன் மனசு ஒப்பாதாம். கயிறு பிடிக்கிறவனுக்கு இழக்க ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் விளையாட்டில் பிள்ளை மூழ்கினாலும் கயிறு பிடித்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதை மாற்றத்தான் கூடியிருக்கிறோம்.

ஆகவே நாங்கள் நடத்துகிற, நாங்கள் கலந்துகொள்கிற எந்தப் பந்தயத்திலும் இனிமேல் மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் கேட்கப்படும் பெயர் கொடுத்தவர் பெயர். அவர் யாருடைய மச்சானாக இருந்தாலும் மேடையில் இடம் கிடையாது. ஒரு ஊர்ப் பந்தயத்துக்கு நடுவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வருவார்கள். கருங்குளத்துப் பந்தயத்துக்கு கருங்குளத்தார் கொடி அசைக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. வசூலான பணம், பரிசுக்குப் போனது, பந்தலுக்குப் போனது எல்லாம் அன்று மாலையே கரும்பலகையில் எழுதப்படும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பவுடரோ மாத்திரையோ ஊசியோ எது கொடுத்தாலும் பயிற்சி கொடுப்பவர் அதைத் தமிழில் எழுதி, பெற்றவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிற பிள்ளையை யாரும் சந்தேகக் கண்ணால் பார்க்கக் கூடாது. டாக்டர் சீட்டு இருந்தால் போதும். தப்பை ஒத்துக்கொண்டு வருகிறவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வோம். அந்தப் பதினாறு வயதுப் பையனுக்கு இப்போது பதினேழு. எங்களோடுதான் மிதிக்கிறான். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வருகிறான்.

அரசிடமும் முகமையிடமும் கேட்பது அதிகமில்லை. தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை மருந்துக்கடையிலும் பள்ளியிலும் ஒட்டும்படி தமிழில் கொடுங்கள். மாதிரி எடுத்தால் இத்தனை நாளுக்குள் முடிவு சொல்வோம் என்று தேதி போடுங்கள். தவறினால் தவறிய அதிகாரியின் பெயரையும் வெளியிடுங்கள். சம்மேளனத் தேர்தலில் மிதிக்கிறவனுக்கு ஓட்டுக் கொடுங்கள்.

எங்களிடம் ஆய்வகம் இல்லை. ஏமாற்ற நினைக்கிறவன் எங்களையும் ஏமாற்றலாம். ஆனால் பரம்பில் இப்போது கண்ணாடித் தளம் போட்டு, கீழே தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடப்பதை வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எங்களால் முடிந்தது அந்த அளவுதான்.

வருகிற ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஆதிச்சநல்லூர் விலக்கில் நிற்போம். திருச்செந்தூர் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள், டீச்சர் கூடவே வருகிறார். கருப்பட்டியும் வாழைப்பழமும் நாங்கள் தருகிறோம். தண்ணீர் பாட்டில் உங்களுடையது. கிளம்புமுன் மூடியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.