தள்ளுபடிக்கு முன் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்



பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குப் பாடத்தில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். நம் வீட்டுப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக அதைப் போடுகிறார்கள். நாமோ பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். தள்ளுபடிப் பலகை மாட்டும் முன் ஒவ்வொரு மளிகைக் கடைக்காரரும் போட வேண்டிய கணக்கு அது என்பதே என் கருத்து.

ஒரு கடைக்கு வாடகை 15,000, ஆள் சம்பளம் 12,000, கரண்ட் 3,000, ஆக மாதச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் விற்றால் 8 ரூபாய் நிற்கிறது. கிராப் தாளில் எக்ஸ் அச்சில் மாத விற்பனையையும், ஒய் அச்சில் ரூபாயையும் குறியுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் செலவு மாறாது. ஆகவே 30,000-இல் ஒரு படுக்கைக் கோடு. லாபக் கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். விற்பனை இல்லையேல் லாபம் இல்லை, ஆகவே ஆதிப்புள்ளி ஒன்று. 5 லட்சத்துக்கு 40,000 என்பது மற்றொன்று. இரண்டையும் ஸ்கேல் வைத்துச் சேருங்கள். ஒரு லட்சத்துக்கு 8,000 என்ற மூன்றாவது புள்ளியும் அதே கோட்டில் விழுந்தால் கணக்கு சரி. பாடப் புத்தகம் இதை நேர் மாறுபாடு என்கிறது.

இரு கோடுகளும் வெட்டும் இடம் 3,75,000 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 12,500 விற்றால்தான் முதல் கரையாது.

இப்போது வாடகை 3,000 ஏறினால் படுக்கைக் கோடு மேலே போகும். வெட்டும் இடம் 4,12,500 ஆகும். இதற்காகக் கட்டட உரிமையாளரிடம் மாதக்கணக்கில் மன்றாடுகிறோம். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பெரிய கடைகளைப் பார்த்து, நாமும் நூற்றுக்கு 2 ரூபாய் குறைத்தால் என்ன ஆகும்? நிற்பது ஏறத்தாழ 6 ரூபாய். லாபக் கோட்டின் சாய்வு குறைந்து, வெட்டும் இடம் 5 லட்சத்துக்குத் தள்ளிப்போகிறது! வாடகை ஏற்றத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரம். இதை நாமே சிரித்த முகத்துடன் தலையில் ஏற்றிக்கொள்கிறோம்.

தள்ளுபடியே கூடாது என்று சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் கூடும் என்ற உறுதி இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓரிரு சரக்குக்கு மட்டும் விலை குறைத்து, எடையிலும் தரத்திலும் பெயர் வாங்குங்கள்.

பலகை எழுதக் கொடுக்குமுன் பிள்ளையிடம் ஒரு கிராப் தாள் கேட்டு வாங்குங்கள். கால் மணி நேர வேலை, கடை நிலைக்கும்.