‘மாணவ வீரர்’ என்னும் மோசடி

உழைப்பவனின் கூலியை மறுக்க முதலாளித்துவம் கையாளும் வழிகளில் மிகவும் செலவு குறைந்தது, அவனுடைய பெயரை மாற்றிவிடுவதாகும். தொழிலாளி என்ற சொல்லை அகற்றிவிட்டால் குறைந்தபட்சக் கூலி, விபத்து இழப்பீடு, சங்கம், பேர உரிமை ஆகிய அனைத்தும் அதனுடன் சேர்ந்து அகன்றுவிடும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இதற்குத் தெளிவான சான்று.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம் அது. அதில் ‘வைடு ரிசீவர்’ என்பவர் எதிரணியின் எல்லைக்குள் வெகுதூரம் ஓடி, தன்னை வீழ்த்தப் பாய்ந்து வருபவர்களுக்கு நடுவே எறியப்படும் பந்தைப் பிடிப்பவர். முழங்காலும் கணுக்காலும் தலையுமே அவருடைய மூலதனம். சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக்காகவும், ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவராகவும் ஆடியவர் கெய்ன் கோல்ட்டர். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்குத் தேவையான வேதியியல் பாடம் காலைப் பயிற்சி நேரத்துடன் மோதியது. பாடம்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சக மாணவர்களைவிடப் பின்தங்கிய அவர் இறுதியில் உளவியலுக்கு மாறினார். படிப்பே முதன்மை, ஆட்டம் உபரி என்று கூறும் நிர்வாகங்களின் வாதத்துக்கு இந்த ஒரு நிகழ்வே போதுமான மறுப்பு.

2014 ஜனவரியில் கோல்ட்டரும் சக வீரர்களும், எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவுடன், தங்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்குமாறு தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் மனு அளித்தனர். மார்ச் 26 அன்று வாரியத்தின் சிகாகோ மண்டல இயக்குநர் அளித்த தீர்ப்பு உண்மை நிலவரத்தை ஏட்டில் பதித்தது. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம், ஆகஸ்ட் பயிற்சி முகாமில் 50 முதல் 60 மணி நேரம் வீரர்கள் உழைக்கின்றனர். 2003 முதல் 2012 வரை அந்த அணி ஈட்டிய வருவாய் 23.5 கோடி டாலர், செலவு 15.9 கோடி டாலர். எங்கு தங்குவது என்பது முதல் சமூக ஊடகத்தில் என்ன எழுதுவது என்பது வரை அனைத்தும் பயிற்சியாளரின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆகவே உதவித்தொகை பெறும் வீரர்கள் தொழிலாளர்களே என்று அவர் தீர்ப்பளித்தார்.

உதவித்தொகையே ஊதியம்தானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கூலிக்குப் பதிலாக நெல்லை அளந்து கொடுத்து, அளவையும் தானே தீர்மானித்த பண்ணையாரின் வாதம் இதுவே. ஊதியம் எனில் அதன் அளவைப் பேசித் தீர்க்கும் உரிமை எங்கே? அணியை விட்டு விலகினால் உதவித்தொகை பறிபோகும் எனில், அது படிப்புக்கான உதவியா, ஆட்டத்துக்கான கூலியா?

‘மாணவ வீரர்’ என்ற சொல் பிறந்த கதையே அதன் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 1955இல் கொலராடோ மாநிலத்தில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தகைய கோரிக்கைகளுக்கு அணை போடவே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்சிஏஏ) அந்தச் சொல்லைப் புகுத்தியது. சங்கத்தின் தலைமை நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வால்ட்டர் பையர்ஸ் இதைத் தமது 1995ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டார்.

2014 ஏப்ரல் 25 அன்று வீரர்கள் வாக்களித்தனர். வாக்குப் பெட்டி முத்திரையிடப்பட்டது. 2015 ஆகஸ்ட் 17 அன்று ஐவர் கொண்ட வாரியம், இவ்வழக்கைக் கையில் எடுப்பது தொழிலுறவின் நிலைத்தன்மைக்கு உதவாது என்று ஒருமனதாகக் கைகழுவியது. வீரர்கள் தொழிலாளர்களா என்ற கேள்விக்கு விடை தரவே இல்லை. வாக்குகள் எண்ணப்படவும் இல்லை. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒபாமா; வாரியத்தில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியினர் என்பதை மறந்துவிடலாகாது. கோல்ட்டரை எந்தத் தொழில்முறை அணியும் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. பின்னர் மினசோட்டா வைகிங்ஸ் அணி, பயிற்சிக் குழுவில் வைடு ரிசீவராக அவரை வைத்துக்கொண்டது.

இப்போது நிலைமை மாறிவிட்டது, விளம்பரங்கள் மூலம் வீரர்கள் கோடிகளில் புரள்கின்றனர் என்று முதலாளித்துவ ஊடகங்கள் பறைசாற்றுகின்றன. 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் என்சிஏஏவுக்கு எதிராக 9-0 என்று தீர்ப்பளித்ததும், அடுத்த மாதமே விளம்பர வருவாய்க்கு அனுமதி கிடைத்ததும் உண்மை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர முடிந்தது. ஆனால் அந்த உச்சவரம்பை எந்தச் சங்கமும் பேசி முடிவு செய்யவில்லை. தொழில்முறை கால்பந்தில் ஊதிய வரம்பு சங்கத்துடனான ஒப்பந்தத்தின் விளைவு; கல்லூரியிலோ அது வழக்கறிஞர்களும் நிர்வாகங்களும் வகுத்த கோடு. நட்சத்திர வீரரின் பை நிறையலாம். முழங்கால் முறிந்த சாதாரண ரிசீவருக்குச் சட்டப்படியான விபத்து இழப்பீடு இன்றும் இல்லை. தனிமனிதருக்கு எறியப்படும் பணம் கூட்டுப் பேர உரிமைக்கு ஈடாகாது.

டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்ற வாக்கில் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தும், நிர்வாகம் பேச மறுத்தது. டிரம்ப் அமைக்கப்போகும் வாரியம் பாதகமான முன்னுதாரணத்தை உருவாக்கிவிடும் என்ற நிலையில், அந்த ஆண்டின் கடைசி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் ஆஷா ஊழியர் ‘தன்னார்வலர்’. செயலியின் ஆணைப்படி உணவு சுமந்து ஓடும் இளைஞர் ‘கூட்டாளி’. கண்டம் வேறு, தந்திரம் ஒன்றே. சங்கம் வேண்டும் என்று கோருபவர்களின் முதல் போராட்டம் தங்களைத் தொழிலாளி என்று அழைக்கச் செய்வதற்கான போராட்டமாகவே இருக்கிறது. எண்ணப்படாத அந்த வாக்குச்சீட்டுகள் சொல்வது இதுதான்: நிர்வாகம் அஞ்சுவது சங்கத்தின் கோரிக்கைகளுக்கு மட்டுமல்ல, தொழிலாளி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கும்தான். அதை விட்டுக்கொடுக்கலாகாது.