பங்கு ஹலாலா என்று கேட்பதற்கு முன்



2024 பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருநாள், மஃரிப் தொழுகை முடிந்த பின்னர், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கைப்பேசியுடன் வந்து நின்றார். நாகர்கோவிலில் நல்ல வேலையில் இருப்பவர். "உஸ்தாத், பேடிஎம் பங்கு வாங்குவது ஹலாலா?" என்று கேட்டார். வாங்கி முடித்து, விலையும் சரிந்த பிறகே அந்தக் கேள்வி பிறந்திருக்கிறது என்பதை அவர் முகமே சொல்லியது.

நடந்தது இதுதான். 2021 நவம்பரில் அந்தப் பங்கு 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. முதல் நாளிலேயே கால்பங்குக்கும் மேல் மதிப்பை இழந்தது. 2024 ஜனவரியில் 760 ரூபாய் அளவில் நின்றபோது, "இரண்டாயிரத்துக்கு விற்றது இப்போது மலிவாகக் கிடைக்கிறது" என்று நம் மாணவர் வாங்கினார். ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி பிப்ரவரி 29-க்குப் பிறகு புதிய வைப்புகளை ஏற்கக் கூடாது என்று ஆணையிட்டது (இக்கெடு பின்னர் மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது). மறுநாள் பங்கு 609 ரூபாய்க்கு இறங்கியது. அதற்கு மறுநாள் 487. இரண்டு நாளும், ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட உச்சச் சரிவான 20 விழுக்காட்டைத் தொட்டு நின்றது. விற்க வரிசை நீண்டது, வாங்குவோர் இல்லை.

609 ரூபாய்க்கு வந்த அன்று அவர் மேலும் வாங்கினார். 'ஆவரேஜ்' செய்தாராம். பணம் ஏது என்று கேட்டேன். உம்மாவின் வளையல்களை நகைக்கடன் கடையில் வைத்தாராம். வட்டிக்குத்தானே என்றேன், தலையசைத்தார். உம்மாவுக்குத் தெரியுமா என்றேன்; பதில் இல்லை.

பங்கு ஹலாலா என்று கேட்க வந்தவருக்கு, வட்டிக்கடன் ஹலாலா என்று கேட்கத் தோன்றவில்லை. தாயின் பொருளை அவருக்குத் தெரியாமல் எடுத்தது அமானத்தை முறித்த செயல் என்றும் தோன்றவில்லை. இது அந்த ஒரு பிள்ளையின் குறை மட்டுமன்று. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் குளச்சலிலும் வளைகுடாப் பணம் வரும் வீடுகளில் நான் காணும் பொது நோய் இது. நிறுவனத்தின் மீது 'ஹலால்' முத்திரை இருக்கிறதா என்று செயலியில் தேடுகிறோம். நம் செயலின் மீது அந்த முத்திரை விழுமா என்று பார்ப்பதில்லை.

பங்கு வாங்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தில் பங்குதாரராவது அடிப்படையில் கூடும் என்பதே இக்கால ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. அது கூட்டு வணிகம். இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு. ஆனால் கூட்டாளி என்பவர் தாம் சேரும் வணிகத்தை அறிந்திருக்க வேண்டாமா? குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. பொருளியல் நடவடிக்கையில் தெளிவின்மைக்கு மார்க்கம் அவ்வளவு இடங்கொடுக்க மறுக்கிறது. பேடிஎம் வெளியீட்டில் திரட்டிய 18,300 கோடி ரூபாயில் 10,000 கோடி, ஏற்கனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. நிறுவனம் நட்டத்தில் இயங்கியதும் மறைக்கப்படவில்லை. அந்த வங்கி புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2022 மார்ச்சிலேயே ரிசர்வ் வங்கி தடுத்திருந்தது. எல்லாம் பொதுவெளியில் கிடந்த செய்திகள். நம் பிள்ளைகள் பார்த்ததோ ஒரு கோட்டுப்படத்தையும் டெலிகிராம் குழுவையும் மட்டுமே. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' என்ற செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தான் வாங்கிவைத்த பங்கை ஊதிப் பேசி, பிறர் தலையில் கட்டிவிட்டு வெளியேறும் குழுத்தலைவர் செய்வது வேறென்ன?

இதைச் சொன்னால் ஒரு சாரார் "சப்ர் செய்யுங்கள், அல்லாஹ் மீது தவக்குல் வையுங்கள்" என்கிறார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அதே பங்கு 350 ரூபாய்க்கும் கீழே போனது. டிசம்பரில் ஆயிரம் ரூபாய் அளவை எட்டியது. "பார்த்தீர்களா, பொறுத்தவர் வென்றார்" என்று வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பினார்கள். சூதாடியும் அடுத்த ஆட்டத்துக்காகப் பொறுமையுடன்தான் காத்திருக்கிறான். அதற்குப் பெயர் சப்ர் அன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவருடையது தவக்குலும் அன்று. மேலும், மாதந்தோறும் ஏறும் வட்டி டிசம்பர் வரை காத்திருக்குமா? கடன் வாங்கியவரால் பொறுக்க முடியாது. அவர் மே மாதத்திலேயே விற்றிருப்பார். நம் மாணவரும் அப்படித்தான் விற்றார்.

இன்னும் மோசமானது 'ஆப்ஷன்' வர்த்தகம். வாங்கியதும் விற்றதும் உண்மையில் கைக்கு வராத வெறும் பந்தயம். தன்னிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, இதற்கு எந்த ஃபத்வாவைத் தேடுகிறார்கள் என்று தெரியவில்லை. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக செபியே 2024 செப்டம்பரில் அறிவித்தது. சராசரி நட்டம் ஆளுக்குச் சுமார் இரண்டு இலட்சம் ரூபாய். ஒரு குமரின் திருமணத்துக்காக ஒரு வாப்பா ஒமானிலோ சவூதியிலோ எத்தனை மாதம் வெயிலில் நின்று சேர்க்கும் தொகை அது!

ஆலிம்களாகிய எங்கள் மீதும் குற்றம் உண்டு. ஜும்ஆ பயானில் வங்கி வட்டியைக் கண்டிக்கிறோம். பள்ளிவாசலுக்கு எதிரே நகைக்கடன் பலகை தொங்குவதைக் கடந்துதான் வீடு செல்கிறோம். அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2019-இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியபோது, அதை ஆதரித்துப் பேசிய தாடிகளும் இருந்தன. அந்த அவமானத்துக்குப் பிறகாவது, 'ஹலால்' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் ஆராய்ச்சியை நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் மாறியிருக்க வேண்டும்.

ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் மஹல்லாக்களில் திருமண மண்டபத்துக்கு இலட்சங்கள் திரள்கின்றன. நகையை வட்டியின்றி மீட்டுக் கொடுக்க ஒரு பைத்துல்மால் நிதி ஏன் திரளவில்லை? அந்தப் பிள்ளை இப்போது தன் சம்பளத்தில் சிறுகச் சிறுக வளையல்களை மீட்டு வருகிறார். உம்மாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட பிறகே மற்றதைப் பேசலாம் என்று அனுப்பினேன், சொல்லிவிட்டார். உம்மா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லையாம்.