கொஞ்சம் நிறுத்துங்க

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவி எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நீங்க போயிட்டு வாங்க."

போன டிசம்பரில் ஒரு காலையில், கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்த இடம் அது. 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் பாதுகாப்பு வனமாக அறிவித்தார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து உள்ளான், உப்புக்கொத்தி என்று பறவைகள் வந்து இறங்கும்.

சதுப்புநிலக் காட்டுக்குள் போகும் பலகைப் பாதையில் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் நாள் இரவே எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தேன். இது பவளக்காலி, அது ஜோகூர்க் கரை என்று சொல்லிக்கொண்டே வேகமாகத் தள்ளினேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். இரண்டாம் முறை சொன்னபோதுதான் என் காதில் விழுந்தது.

சேற்றைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டி வலியோடு அவள் பக்கத்தில் குந்திப் பார்த்த பிறகே தெரிந்தது. அலை வற்றிய சேற்றில், துருத்திய கண்களோடு ஒரு மீன் துடுப்புகளை ஊன்றித் தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவள் அவள். சின்ன வயதில் அண்ணன்மாரோடு ஓடைச் சேற்றில் இறங்கி இந்த மீனைத் துரத்திய கதையை அன்றுதான் சொன்னாள். நாற்பத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் நான் கேட்டிராத கதை!

கட்டிக்கொடுப்பவர்கள் பாதையைத்தான் கட்டிக்கொடுக்க முடியும். எங்கே நிற்பது என்று முடிவு செய்யும் உரிமையை, தள்ளுகிற நாம்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. அவளை ஒரு மூட்டையைப் போலக் கொண்டுபோனேன். வழியில் ஒரு நல்ல மனிதர்கூட என்னைப் பார்த்துத்தான், "அவங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அவளுக்குக் காலும் கையும்தான் சரியில்லை, காது நன்றாகவே கேட்கும்.

நாலைந்து பேருக்காகக் காட்டுக்குள் இப்படிப் பாதை போட வேண்டுமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சதுப்புநில மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களால்தான் மூச்சு விடுகின்றன. கால் நன்றாக இருப்பவர்கள் அவற்றை மிதிக்காமல் இருக்கவும் அந்தப் பலகைதான் உதவுகிறது. பாதை அவளுக்கு மட்டும் போட்டதல்ல.

வீட்டில் யாராவது சக்கர நாற்காலியில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். மீனும் நண்டும் பார்க்க வேண்டுமென்றால் அலை வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கடல் ஏறும்போது வெளியே சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் உள்ளே குளங்களுக்கு ஒதுங்கும். அதுவும் நல்ல காட்சிதான். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, பிரேக் போட்டு, நீங்களும் ஒருமுறை குந்திப் பாருங்கள். முக்கியமாக, எங்கே நிற்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

போன வாரம் அவளே கேட்டாள், "அலை எப்ப வத்தும்னு பார்த்தீங்களா?"