இரவுக்கு மட்டுமல்ல, பகலுக்கும் கூரை வேண்டும்

பெங்களூருவின் தொம்மலூர், முரண்பாடுகள் நெருங்கி வாழும் பகுதி. பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் மேம்பாலம். சற்றுத் தள்ளிப் பன்னாட்டு நிறுவனங்கள் குடியிருக்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள். தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள சொக்கநாதர் கோயிலும் இங்கேதான். இத்தகைய வளாகங்களைக் கட்டி எழுப்பும், கூட்டித் துடைக்கும், இரவெல்லாம் காவல் காக்கும் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு, தாங்கள் உழைக்கும் நகரத்தில் தலைசாய்க்க இடமில்லை.

வீடற்றோர் பிரச்சனையை ஆட்சியாளர்கள் பெரும்பாலும் இரவின் பிரச்சனையாகவே பார்க்கின்றனர். குளிர் கூடினால் போர்வை, மழை கொட்டினால் பள்ளிக்கூடத் தாழ்வாரம் என்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. இரவு விடுதிகள் இருக்கும் இடங்களிலும், காலையில் வெளியேறி மாலையில் திரும்புமாறு சொல்லும் வழக்கம் பல நகரங்களில் நிலவுகிறது. காலை ஏழு மணிக்கு மூட்டையோடு தெருவுக்கு வரும் முதியவர் எங்கே செல்வார்? காய்ச்சலில் கிடக்கும் கூலித் தொழிலாளி எங்கே படுப்பார்? இரவுப் பணி முடிந்து வரும் காவலாளி எப்போது உறங்குவார்? மாதவிடாய்க் காலத்தில் ஒரு பெண் எங்கே குளிப்பார்? இக்கேள்விகளுக்கான விடைதான் பகல் மையம்.

பகல் மையம் என்பது பெரிய கட்டிடமோ, புதிய கண்டுபிடிப்போ அல்ல. குளியலறை, கழிப்பறை, துணி துவைக்க இடம், உடைமைகளைப் பூட்டி வைக்கப் பெட்டி, கைப்பேசிக்கு மின்னேற்றம், ஒரு வேளை உணவு, படுத்து ஓய்வெடுக்க ஓர் அறை, வாரம் சில நாள் வந்துபோகும் செவிலியர் ஆகியவையே அதன் அடிப்படை. மூட்டையைப் பத்திரமாக வைக்க இடமில்லாதவர் வேலை தேடிப் போக முடியாது. குளிக்க வழியில்லாதவருக்கு வீட்டு வேலையோ உணவக வேலையோ கிடைக்காது. சிறியவையாகத் தோன்றும் இவ்வசதிகள்தாம் ஒருவர் உழைப்பாளியாக நீடிப்பதா, இரந்துண்ணும் நிலைக்குத் தள்ளப்படுவதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அதைவிட முக்கியமானது, மையத்தில் அமர்ந்து ஆவணங்களைப் பெற்றுத் தரும் ஊழியரின் பணி. இன்றைய அரசு நிர்வாகத்தில் முகவரி இல்லாதவர் குடிமகனாகவே கருதப்படுவதில்லை. கர்நாடகத்தில் கிரகலட்சுமி திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய், குடும்ப அட்டையில் தலைவியாகப் பதிவான பெண்ணுக்கே கிடைக்கும். அன்னபாக்யா அரிசிக்கும் அட்டை வேண்டும்; முதியோர் ஓய்வூதியத்துக்கு வயதுச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். யாருக்கு இத்திட்டங்கள் மிகவும் தேவையோ, அவர்களே வாசலில் நிறுத்தப்படுகின்றனர். பகல் மையத்தின் முகவரியை அவர்களுடைய முகவரியாக அரசு ஏற்றுக்கொண்டால், அடைபட்ட கதவுகளில் பல திறக்கும்.

இது தர்மமாகக் கேட்கப்படும் சலுகை அல்ல. சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை. நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று 1985இல் உச்சநீதிமன்றம் கூறியது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு விடுதி வேண்டும், அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பது உணவுரிமை வழக்கில் 2010இல் அது பிறப்பித்த உத்தரவுகளின் சாரம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் 2013இல் உருவான விடுதித் திட்டமும் இதே அளவுகோலை ஏற்றது. ஆக, காலையில் கதவைச் சாத்தும் விடுதி, விதியை மீறும் விடுதியே ஆகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் எண்ணியபோது நாட்டில் 17.7 லட்சம் பேர் வீடற்றவர்கள். கர்நாடகத்தில் மட்டும் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கணக்கெடுப்பாளர்களின் கண்ணில் படாதவர்கள் இதில் அடங்கார். அன்றைய பெங்களூரு மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 84 லட்சம். உச்சநீதிமன்ற அளவுகோலின்படி அப்போதே 84 விடுதிகள் தேவை. நகரம் அதன்பின் மேலும் வீங்கிய பிறகும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

மறுபுறம், வீடற்றோரை உருவாக்கும் வேலையை ஆட்சியாளர்கள் சுணக்கமின்றிச் செய்கின்றனர். தொம்மலூருக்குத் தெற்கே, உள்வட்டச் சாலையை ஒட்டிய ஈஜிபுராவில் 2013 ஜனவரியில் நடந்ததை உழைக்கும் மக்கள் மறக்கவில்லை. நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த சுமார் 1,500 குடும்பங்களைக் காவல்துறைப் பாதுகாப்போடு இயந்திரங்கள் அப்புறப்படுத்தின. தலித்துகளும் தமிழ் பேசும் கூலித் தொழிலாளர்களும் அவர்களில் கணிசமானோர். அந்த நிலத்தில் திட்டமிடப்பட்டது வணிக வளாகம். வீடிழந்தவர்களில் பலர் அருகிலிருந்த நடைபாதையிலேயே மாதக்கணக்கில் கிடந்தனர். வீடற்ற நிலை விதியால் வருவதல்ல. நிலத்தைச் சரக்காக்கும் கொள்கையால் வருவது.

வீடற்றவரைக் குற்றவாளியாகக் காணும் பார்வையும் இன்னும் மாறவில்லை. கர்நாடக இரவலர் தடைச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு இதற்கென 3 சதவீதக் கூடுதல் தீர்வை வசூலிக்கப்படுகிறது. அப்படித் திரட்டிய பணம் எங்கே பயன்பட்டது? 2010 ஆகஸ்டில் பெங்களூரு மாகடி சாலையில் உள்ள இரவலர் மறுவாழ்வு மையத்தில் அடைக்கப்பட்டிருந்தோர் அடுத்தடுத்து மாண்டபோது நாடே அதிர்ந்தது. பிடித்து அடைக்கும் மையத்துக்கும், விரும்பி வந்து விரும்பிச் செல்லும் பகல் மையத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னது மனிதரைத் தெருவிலிருந்து மறைக்கிறது; பின்னது தெருவில் வாழ்பவரை உரிமையோடு இணைக்கிறது.

மாற்று வழிக்கு முன்னுதாரணங்கள் உண்டு. பெங்களூருவில் 1980 முதல் தெருவோரச் சிறார்களிடையே பணியாற்றும் போஸ்கோ அமைப்பு, சிறுவர்களைத் தேடிச் சென்று நம்பிக்கையை ஈட்டிய பின்னரே பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக்கும் வழிகாட்டும் முறையைக் கையாண்டது. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் முதியோருக்கெனப் ‘பகல் வீடு’களை நடத்துகின்றன. அங்கே மிகவும் வறிய நிலையில் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, குடும்பம் குடும்பமாகத் திட்டம் வகுத்து, ஆவணம் இல்லாதோருக்கு முதலில் ஆவணங்களைப் பெற்றுத் தந்து, பிறகு உணவு, மருத்துவம், வீடு என்று படிப்படியாகச் சென்றனர். தொண்டு நிறுவனங்களின் அர்ப்பணிப்பு மதிக்கத்தக்கது. ஆனால் நன்கொடை நின்றால் கதவு மூடும் ஏற்பாட்டை மட்டும் நம்பி உழைக்கும் மக்கள் வாழ முடியாது. பொறுப்பு உள்ளாட்சியுடையது, செலவு பொது நிதியுடையது.

பெங்களூரு இப்போது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நிர்வாகத்தை மக்களுக்கு அருகில் கொண்டுவருவதே நோக்கம் என்று மாநில அரசு சொல்கிறது. அது உண்மையானால், தொம்மலூர் போன்ற ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது ஒரு பகல் மையம் திறக்கப்பட வேண்டும். பயன்படாமல் கிடக்கும் மாநகராட்சிக் கட்டிடங்களை அதற்கு ஒதுக்கலாம். இந்திரா உணவகங்களோடும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் அவற்றை இணைக்கலாம். பெண்களுக்கும் திருநங்கையருக்கும் தனி இடம் வேண்டும். இரவலர் தீர்வையாக வசூலாகும் தொகை இதற்குத் திருப்பிவிடப்பட வேண்டும். அங்கு பணிபுரிவோருக்கு மதிப்பூதியமல்ல, சட்டப்படியான ஊதியம் வழங்கப்பட வேண்டும்.

கட்சிக் கிளைகளுக்கும் இதில் உடனடிப் பணி உண்டு. தத்தம் பகுதியில் மேம்பாலத்தின் அடியிலும் நடைபாதையிலும் வாழ்வோரைச் சந்தித்துக் கணக்கெடுப்பதும், அவர்களது கோரிக்கைகளைத் தொகுத்து மாநகராட்சி அலுவலகங்களின் முன் அவர்களையே முன்னிறுத்துவதும் இயக்கத்தின் அன்றாட வேலையாக வேண்டும். கட்டிடத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தமது கோரிக்கையாக ஏற்க வேண்டும். ஏனெனில் ஒரு மாத வாடகை தவறினால் நடைபாதைக்கு வந்துவிடக்கூடிய குடும்பங்கள் அந்தச் சங்கங்களுக்குள்ளேயே உள்ளன. அனைவருக்கும் வீடு என்பதே இறுதி இலக்கு. அதை எட்டும்வரை, பகலில் எங்கே போவது என்று ஓர் உழைப்பாளி திகைத்து நிற்கும் நிலையை இந்நகரம் சகித்துக்கொள்ளலாகாது.