வாயிலும் வகுப்பும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளை நகரைக் கடந்ததும் அலுவிகாரை வருகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது மரபு. அதுவரை அது ‘பாணகர்’ எனப்பட்ட ஓதுவோரின் நினைவிலேயே வாழ்ந்தது. (நம்மவர் நினைவோ பரீட்சை மண்டப வாயிலோடு முடிந்துவிடுகின்றது.)

இவ்விகாரையின் குகையொன்றில் புத்தகோசரின் உருவம் உண்டு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரான இவ்வுரையாசிரியர், காஞ்சிபுரத்தில் தாம் வாழ்ந்தமையைத் தம் உரையொன்றின் இறுதியிற் குறிப்பிடுகின்றார். அனுராதபுரத்து மகாவிகாரையை அடைந்து உரைநூல்களை வேண்டியபோது, தேரர்கள் அவற்றை உடனே கொடுத்துவிடவில்லை. இரண்டு பாடல்களை மட்டும் கொடுத்து, அவரது ஆற்றலைக் காட்டுமாறு பணித்தனர். அதற்கு விடையாக எழுந்ததே ‘விசுத்திமக்கம்’. தேவர்கள் அதை இருமுறை மறைக்க, மூன்று முறை எழுதினார் என்கிறது சூளவம்சம். தேவர்களை விட்டுவிடுவோம். தம்மைச் சோதித்தது அவமதிப்பென்று அவர் முறையிட்டதாக எந்நூலும் கூறவில்லை.

இன்றைய மாணவர் சிலரின் நிலை யாது? விரிவுரைக் குறிப்புக்கு வெளியே ஒரு வினா வந்தால் அது அநீதி, ஒப்படையிற் சிவப்பு மை பட்டால் அது அவமதிப்பு, “இத்தனை இரவு விழித்தேன், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு ஏன் இல்லை?” என்பது வாதம். இதற்குத் தன்னம்பிக்கை என்று பெயரும் சூட்டியாயிற்று. சோதனைக்கு அஞ்சுவது எவ்வாறு தன்னம்பிக்கையாகும்?

இவ்வாயிலுக்குள் நுழைவதற்கே தமிழ் மாணவர் போராட நேர்ந்தது என்பர் சிலர். உண்மை, 1970களின் தரப்படுத்தலை யாரே மறப்பர்? ஆயின் அன்று நாம் கேட்டது யாது? விடைத்தாளை எழுதியவரின் மொழி கொண்டன்றி, அதிலுள்ள விடை கொண்டே மதிப்பிடுக என்பதன்றோ? அவ்வாறு கேட்டவரின் வழிவந்தோர், விடையை விடுத்துத் தம் உழைப்புக்கும் எதிர்பார்ப்புக்கும் புள்ளி கேட்பது முரண். அனுமதி உரிமை, வகுப்புச் சித்தி அத்தகையதன்று.

இதில் இழப்பவர் வேறொருவர். மாத்தளைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்த மாணவி, விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறப்பதில்லை. உரத்துக் கேட்பவனின் புள்ளி உயர, அவள் உண்மையாகப் பெற்ற புள்ளியின் பெறுமதி தாழ்கின்றது.

விரிவுரையாளரும் இப்பழியினின்று நீங்கார். மஞ்சள் பூத்த குறிப்பை ஆண்டுதோறும் சொல்லி எழுதவைத்து, அதையே திருப்பி வாங்குவோர் பலர். அடுத்த தவணையில் ஒரு பாடத்திலேனும் இவ்வழக்கத்தை நிறுத்திப் பார்க்கட்டும். எதிர்ப்பு முதலில் மாணவரிடமிருந்து எழுகின்றதா, ஆசிரியர் ஓய்வறையிலிருந்து எழுகின்றதா என்பதைக் காண்போம்.