வானத்துப் பாதை ஏன் வளைகிறது?

சென்ற மாதம் கல்பிட்டியிலிருந்து உச்சமுனைக்கு வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தேன். உம்றா முடித்து வந்திருந்த ராத்தா ஒருவரும் அதில் இருந்தார். "ஹஸ்ரத், ஜித்தா போகும்போது பிளேன் போற பாதையைத் திரையில் காட்டினாங்க. ஒரே வளைவு. நேராப் போனால் காசும் நேரமும் மிச்சம்தானே?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் வள்ளக்காரத் தம்பி சிரித்துவிட்டார். அவரும் அந்நேரம் மணல் திட்டொன்றைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வளைவில் ஒரு பகுதி கண்ணின் மயக்கம். பூமி உருண்டை, படமோ தட்டை. ஒரு தோடம்பழத்தின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் ஆகக் குறுகிய வழி. அதையே தட்டைப் படத்தில் வரைந்தால் வில்லாகத் தெரியும். கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தாவுக்கு அப்படி நூல் பிடித்தால் அது யெமனின் கிழக்கு மூலையை உரசிச் செல்லும். 2015இல் அங்கே யுத்தம் மூண்டது முதல் பல விமானக் கம்பனிகள் அந்த வானத்தை விட்டு ஓமான் பக்கமாக ஒதுங்கிப் போகின்றன.

காற்றும் பார்க்க வேண்டும். கச்சான் வீசும் நாளில் மேற்கே போகும் வள்ளம் படும் பாடு நமக்குத் தெரியும். குளிர் காலத்தில் அரேபியாவின் மேல்வானத்திலும் மேற்குக் காற்று பலமாக வீசும். அதனால் எந்த வழி, எந்த உயரம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு காற்றில் சேரும். காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடுவதால்தான் இந்த நிறை. கூடுதல் எரிபொருள் ஏற்றினாலோ, அதைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரியும்!

இந்தக் கணக்கில் உயிரும் இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களின் விமானம், கட்டுநாயக்காவில் இறங்க வரும் வழியில் மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்து, முன்கூட்டியே தாழ்ந்துவிட்டார்கள். பயணிகள் 182 பேரும் ஊழியர்கள் 9 பேரும் மௌத்தானார்கள். 1978 நவம்பர் 15இல் ஹஜ் முடித்துச் சுரபாயா திரும்பியவர்களின் விமானம் கட்டுநாயக்காவிலேயே, ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் போய்விட்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இவர்கள் யாருக்கும் இலங்கையில் வேலை இருக்கவில்லை. அன்றைய விமானங்களால் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடக்க முடியாமல்தான் இங்கே இறங்க வந்தார்கள். விபத்துக்களில் பெரும்பகுதி ஏறும்போதும் இறங்கும்போதுமே நேர்கிறது.

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2025 ஜூன் 23 ராவு மகள் கத்தாருக்குப் போனாள், ஹஸ்ரத்" என்றார். அன்றுதான் கத்தார் சில மணி நேரம் தன் வானத்தை மூடியது. போய்க்கொண்டிருந்த விமானங்கள் வழி மாறின. "பிளேன் டோஹாவுக்குப் போகல்ல என்று கேள்விப்பட்டதும் பைலட்டை ஏசினேன். விடியத்தான் மகள் போன் எடுத்தாள். மஸ்கட்டில் இறக்கி வச்சிருக்காங்க உம்மா, சாப்பாடும் தந்தாங்க என்றாள்."